குச்சவெளியில் பாய்ந்த குதிரைகள்

திருகோணமலையில் இருந்து புல்மோட்டை பஸ்ஸில் ஏறுபவர்கள் வலப்பக்கத்து ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி என்று ஊர்களைக் கடந்து போகும்போது கடல் சில இடங்களில் வீதியோடு ஒட்டி வரும். சில இடங்களில் பனங்கூடலுக்குப் பின்னால் மறைந்துவிடும். நிலாவெளிக்கு நேரே புறாமலை தெரியும். அதற்கப்பால் உல்லாச விடுதிகள் குறைந்து, வாடிகளும் காயும் வலைகளும் கருவாட்டு மணமும் தொடங்கிவிடும். முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய தூரம்தான் குச்சவெளி. ஆனால் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி இந்த வீதியால் வந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அது இன்றும் நீண்ட பயணம்தான்.

நான் அன்று போனது வேலையாக. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் விபரம் திரட்ட வேண்டியிருந்தது. கையில் எட்டுப் பக்கப் படிவம். எத்தனை தடவை இடம்பெயர்ந்தீர்கள், யாரை இழந்தீர்கள், எவ்வளவு கடன், யாரிடம் கடன் என்றெல்லாம் அதில் கேள்விகள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் இப்படியான படிவங்களைத் தயாரிப்பது எப்படி என்று படித்திருக்கிறேன். கிணற்றடியில் இருந்து கைகளைத் துடைத்துக்கொண்டு வரும் ஒரு தாயிடம் அதே கேள்விகளைக் கேட்பது எப்படி என்று எவரும் படிப்பித்ததில்லை.

கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. ஒழுங்கையின் கடைசி வளவு. கிடுகு வேலி, ஒரு வேம்பு, சீற் போட்ட சிறிய கல்வீடு. வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. பாயை விரித்து, பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். 1990 இல் ஊரைவிட்டு ஓடியது. திருகோணமலையில் நலன்புரி நிலையத்தில் இருந்தது. 1996 இல் தொழிலுக்குப் போன கணவர் திரும்பி வராதது. அடுத்த வருடம் நான்கு வயது மகளைத் தாயிடம் விட்டுவிட்டுச் சவூதிக்குப் போனது. இவற்றையெல்லாம் பலருக்குப் பல தடவை சொல்லியிருந்தவர் என்பது அவர் குரலில் தெரிந்தது.

"வீட்டில் உள்ள பொருட்கள்" என்ற பக்கத்துக்கு வந்தேன். சைக்கிள், தையல் மெசின், ரி.வி. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று அடையாளம் இட வேண்டும்.

"ரி.வி. இருக்கா அம்மா?"

"இருந்தது. கடல் கொண்டு போயிற்று." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ரி.வி. போனது கவலை இல்ல மகள். அதோட குதிரையும் போனதுதான் கவலை."

படிவத்தை மடித்து வைத்துவிட்டேன். அதன் பின்னர் அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். "பெயர எழுதாதீங்கோ, குதிரைய எழுதுங்கோ" என்று அனுமதி தந்திருக்கிறார்.

இஸ்திரிப் பெட்டியும் குதிரையும்

சவூதியில் அவர் வேலை செய்த வீட்டில் பதினொரு பேர். விடியற்காலையில் எழும்பினால் நள்ளிரவு வரை வேலை. மாதம் 400 ரியால் சம்பளம். ஐந்து வருடமாக ஊரில் இருந்து வந்த கடிதங்களும், மகளின் குரலைப் பதிந்து அனுப்பிய ஒரு ஓடியோ கசற்றும்தான் துணை. அந்த வீட்டில் உடுப்பு இஸ்திரி போடும் மேசை பெரிய மண்டபத்தின் மூலையில் இருந்தது. அந்த மூலையில் நின்றால் ரி.வி. தெரியும்.

அந்த வீட்டின் மூத்த பெண்பிள்ளைக்குக் குதிரை என்றால் உயிர். குதிரைப் பாய்ச்சல் போட்டி காட்டினால் வேறு எதையும் பார்க்க விடமாட்டாளாம். பச்சைப் புல்வெளியில் வர்ணம் பூசிய மரத் தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். குதிரை ஓடிவந்து ஒவ்வொரு தடையையும் தாண்டிப் பாய வேண்டும்.

"குதிரை எண்டா எனக்குக் கோயில் வாகனம்தான் தெரியும். வேட்டைத் திருவிழாவுக்குச் சாமி ஏறிவாற மரக் குதிரை. உயிரோட குதிரை பாயுறத அங்கதான் முதல்ல பார்த்த நான். அது எழும்பேக்க என்ட நெஞ்சும் எழும்பும். கையில இஸ்திரிப் பெட்டி இருக்கிறது மறந்துபோகும். ஒரு நாள் ஐயாட வெள்ளை அங்கிய எரிச்சுப்போட்டன்."

அந்தப் பிள்ளைதான் விதிகளைச் சொல்லிக் கொடுத்தாளாம். ஒரு தடியைத் தட்டி விழுத்தினால் நான்கு குற்றப் புள்ளி. குதிரை தடைக்கு முன்னால் வந்து பாயாமல் நின்றுவிட்டால் அதற்கும் குற்றம். அந்தக் காலத்து விதிப்படி முதல் தடவை மறுத்தால் 3, இரண்டாவது தடவைக்கு 6, மூன்றாவது தடவை மறுத்தால் போட்டியில் இருந்து வெளியேற வேண்டும். தடிகளை இறுக்கிக் கட்டுவதில்லை. ஆழமில்லாத சிறு கிண்ணங்களில் சும்மா வைத்திருப்பார்கள். கால் பட்டால் தடிதான் விழ வேண்டும், குதிரைக்குக் காயம் வரக்கூடாது என்பதற்காக.

"தடி விழுந்தா அது நிக்காது மகள். அடுத்ததுக்கு ஓடும். விழுந்தத திரும்பிப் பார்த்தா அடுத்ததும் விழும் எண்டு அந்தப் பிள்ளை சொல்லும்."

2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நடந்தபோது அந்த வீடு நித்திரை கொள்ளவில்லை என்கிறார். சவூதி அரேபியா அதுவரை ஒலிம்பிக்கில் ஒரு பதக்கமும் பெற்றதில்லை. அந்த வருடம் புரட்டாதிக் கடைசியில் ஹாதி சுவான் அல் சொமைலி 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாட்களில், ஒக்டோபர் 1 ஆம் திகதி, காலித் அல் ஈத் என்பவர் காஷ்ம் அல் ஆன் என்ற குதிரையில் பாய்ந்து வெண்கலம் வென்றார். தங்கம் நெதர்லாந்துக்காரர் ஜெரோன் டுபல்டாமுக்கு. சவூதியின் முதல் இரண்டு பதக்கங்களும் தடை தாண்டியதற்காகவே கிடைத்தன.

"அண்டைக்குக் காலமை வீடெல்லாம் ஒரே சத்தம். பெரியம்மா எனக்கும் பேரீச்சம்பழமும் கோப்பியும் தந்து, வந்து இதில இரு எண்டு கூப்பிட்டவ. ஐஞ்சு வருசத்தில அந்த மண்டபத்தில நான் இருந்தது அந்த ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் நிண்ட நான்."

அதே கிழமையில் இலங்கைக்கும் ஒரு பதக்கம் கிடைத்ததை அந்தப் பிள்ளைதான் இவருக்குச் சொன்னாளாம். சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்து வெண்கலம் வென்றிருந்தார். முதலிடம் பெற்ற அமெரிக்க வீராங்கனை மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டு பதக்கத்தை இழந்ததால், அது 2009 இல் வெள்ளியாக மாற்றப்பட்டது. இலங்கையின் முதலாவது ஒலிம்பிக் பதக்கமும் தடை தாண்டித்தான் வந்தது. 1948 இல் லண்டனில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வென்ற வெள்ளி அது. இதை நான் சொன்னபோது அம்மா கையைத் தட்டிச் சிரித்தார். "அப்ப நாங்களும் பாயுற ஆக்கள்தான்!"

இரண்டரை வருடப் பொற்காலம்

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. அந்த வருடம் ஆனி மாதம் அம்மா ஊர் திரும்பினார். வெளிநாட்டால் வருகிற எல்லோரையும் போல ஒரு ரி.வி., ஒரு டெக், கம்பளி, சவர்க்காரம், பால்மா. அவற்றுடன் ஒரு வீடியோ கசற்றும் இருந்தது. குதிரைப் போட்டிகளை ரி.வி.யில் இருந்து பதிந்து, அந்த வீட்டுப் பிள்ளை கொடுத்த பிரியாவிடைப் பரிசு.

அப்போது அந்த ஒழுங்கைக்கு மின்சாரம் இல்லை. ட்ரக்ரர் பற்றரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சார்ஜ் ஏற்றி வந்து படம் பார்த்தார்கள். முற்றத்தில் வாங்கு போட்டு அதன்மேல் ரி.வி.யை வைப்பார்கள். அதற்கு முந்திய காலத்தில் கல்யாண வீடு, சாமத்தியச் சடங்கு என்றால் ரி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் ஓடும். வாடகைக்கு எடுக்காமல் ஊரில் ஒரு ரி.வி. நின்றது அந்தப் பகுதியில் பலருக்குப் புதினம். சினிமாப் படம் முடிந்து பற்றரியில் கொஞ்சம் உயிர் மிஞ்சியிருந்தால், சிறுவர்கள் கத்துவார்களாம்: "குதிரையப் போடுங்கோ!"

கசற்றில் வர்ணனை அரபியில். பக்கத்து வளவு முஸ்லிம் சகோதரியும் முன்னர் சவூதியில் வேலை செய்தவர். அவர் முன்வரிசையில் இருந்து தமிழில் சொல்லுவார். அவர் சொன்னதில் பாதி அவராகவே கற்பனை பண்ணியது என்று பின்னர் தெரியவந்ததாம். இருந்தும் ஒருவரும் குறைசொல்லவில்லை. போர்க்காலத்தில் வருடக்கணக்கில் ஒருவர் வாசலை ஒருவர் மிதியாமல் இருந்த வீடுகளின் பெண்கள் அந்த முற்றத்தில் ஒரே பாயில் இருந்தார்கள். எந்தக் குதிரை எந்தத் தடையில் தட்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார்களாம்.

பகலில் சிறுவர்கள் கடற்கரை மணலில் இரண்டு பக்கமும் பொச்சுமட்டைகளை அடுக்கி, குறுக்கே பனைமட்டை வைத்துப் பாய்ந்தார்கள். தட்டி விழுந்தால் "நாலு! நாலு!" என்று மற்றவர்கள் கத்துவார்கள்.

இங்கிலாந்தில் குதிரைப் பாய்ச்சலுக்கு இப்படி ஒரு பொற்காலம் இருந்தது. 1960 களிலும் 70 களிலும் லண்டன் வெம்பிளியில் நடந்த போட்டிகளை பி.பி.சி. மாலை நேரங்களில் ஒளிபரப்பியபோது, குதிரையைத் தொட்டும் பார்த்திராத தொழிலாளர் குடும்பங்களும் ரி.வி.யின் முன் கூடின. டேவிட் புரூம், ஹார்வி ஸ்மித் போன்ற ஓட்டுநர்களின் பெயர்கள் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தன. பின்னர் ஒளிபரப்புகள் குறைந்தன. இன்றும் அந்த நாட்டில் வயதானவர்கள் அந்த மாலைகளை ஏக்கத்தோடு பேசுகிறார்கள். எம் குச்சவெளியின் பொற்காலம் இரண்டரை வருடம்தான். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை கடல் வந்தது. அம்மாவும் மகளும் உயிர் தப்பினார்கள். ரி.வி.யும் டெக்கும் கசற்றும் வாங்கும் போயின. அந்த முற்றத்தில் இருந்து குதிரை பார்த்தவர்களில் சிலரும் போனார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது அம்மாவின் குரல் மாறியது. நான் எதையும் எழுதாமல் இருந்தேன்.

மகள் சொன்ன பக்கம்

இவ்வளவு நேரமும் குசினி வாசலில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தார் மகள். அவருக்கு இப்போது முப்பதுக்கு மேல். என்னைவிடச் சிறிது இளையவர். கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஏழு வயதில் ஒரு மகன். கிழமைக்குக் கிழமை வந்து நிற்கும் நுண்கடன்காரரிடம் இருந்து தப்ப, இவரும் வெளிநாடு போவதற்கு ஒரு முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்கும் யோசனையில் இருந்தார்.

"மிஸ், அம்மா குதிரைக் கதைய எல்லாருக்கும் சந்தோசமாச் சொல்லுவா," என்றார் அவர், துருவலையில் இருந்து தலையை நிமிர்த்தாமல். "அங்க அம்மா குதிரை பார்த்துக்கொண்டிருந்தா. இங்க நான் அம்மாட போட்டோவப் பார்த்துக்கொண்டிருந்த நான். அம்மா வந்திறங்கின அண்டைக்கு எனக்கு அவவ அடையாளமே தெரியல்ல. அம்மம்மாக்குப் பின்னால ஒளிஞ்ச நான். எனக்கு அந்தக் குதிரைகளில எப்பவும் கோபம்தான்."

வேம்பில் காகம் ஒன்று கத்தியது தவிரச் சிறிது நேரம் வேறு சத்தம் இல்லை. அம்மா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்தக் குதிரைகள் இல்லாட்டி நான் அங்க பைத்தியமாகிப் போயிருப்பன் மகள். உன்ன நினைச்சு அழுதது எத்தின நாள். அதையெல்லாம் உனக்கு வந்து சொல்லவா? சொல்லக்கூடியதா எனக்கிட்ட இருந்தது அது ஒண்டுதான். அதைத்தான் கொண்டுவந்த நான்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இருவர் சொன்னதும் உண்மை. எமது அறிக்கைகளில் "தாயின் புலம்பெயர் தொழிலால் பிள்ளைகளுக்கு ஏற்படும் உளப் பாதிப்பு" என்று ஒரு வசனம் அடிக்கடி வரும். அது பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வசனத்தில் இஸ்திரி மேசையின் அருகே நின்ற அந்தத் தாய்க்கு இடமில்லை. துன்பமான வருடங்களிலும் ஒருவருக்குப் பிடித்த ஒரு மணித்தியாலம் இருக்கலாம். அதை நினைத்து மகிழ்வது, வீட்டில் விட்டுவந்த பிள்ளைக்குச் செய்யும் துரோகம் அல்ல.

பேச்சை மாற்ற நினைத்து எனது போனை எடுத்தேன். சிக்னல் கொஞ்சம் இருந்தது. பழைய போட்டிகள் யூரியூப்பில் ஏராளம் கிடக்கின்றன. "கசற்றில ஒரு வெள்ளைக் குதிரை வரும்" என்றார் அம்மா. நான் தேடி எடுத்த ஒரு காட்சியைப் பார்த்ததும் எழுந்து முழங்காலில் நின்றார். "இதேதான்! இந்தா, இப்ப வாலைச் சுழற்றும் பாருங்கோ!"

அந்தக் குதிரையின் பெயர் மில்டன். பந்தயக் குதிரைகளைத் தவிர, பரிசுப் பணமாகப் பத்து இலட்சம் பவுண்ஸுக்கு மேல் வென்ற முதலாவது குதிரை அது. ஜோன் விற்றேக்கர் ஓட்டி, 1990 இலும் 1991 இலும் உலகக் கிண்ண இறுதிப் போட்டிகளை வென்றது. ஆனால் அதைக் குட்டியில் இருந்து பழக்கியவர் ஒரு பெண். கரோலின் பிராட்லி என்ற அந்த வீராங்கனை 1983 இல், 37 ஆவது வயதில் திடீரென இறந்துபோனார். மகள் வளர்த்த குதிரையைப் பெற்றோர் விற்கவில்லை. தங்களிடமே வைத்துக்கொண்டு, வேறொருவரை ஓட்டவிட்டு, அது பாய்வதை இருந்து பார்த்தார்கள்.

இதைச் சொன்னபோது தாயும் மகளும் இருவருமே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் துருவலையை விட்டு எப்போது பாய்க்கு வந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை.

"பொம்பிளயளும் ஓடுவினமா இதில?" என்று கேட்டார் மகள்.

ஓடுவார்கள். ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் நேருக்கு நேர் தனியாகப் போட்டியிடுவது குதிரை விளையாட்டுகளில்தான். ஆனால் குதிரைப் பாய்ச்சலில் பெண்களை 1956 வரை சேர்க்கவில்லை. 1968 இல் மெக்சிக்கோவில் மரியன் கோக்ஸ் என்ற இளம்பெண் ஸ்ட்ரோலர் என்ற மட்டக் குதிரையில் ஏறி வெள்ளி வென்றார். தோள் உயரம் சுமார் 145 சென்ரிமீற்றர் மட்டுமே உள்ள குதிரை, தன்னைவிட மிகப் பெரிய குதிரைகளோடு பாய்ந்தது. சவூதியிலும் 2010 இல் டல்மா மல்ஹாஸ் என்ற பெண் சிங்கப்பூரில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் இதே விளையாட்டில் வெண்கலம் வென்றார். "அந்த வீட்டுப் பிள்ளையும் ஓட ஆசைப்பட்டது. விடயில்ல" என்றார் அம்மா.

கடைசியாக, 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்ந்த ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினேன். பெயர் மதில்டா கார்ல்சன். குதிரை சொப்பின். ஒலிம்பிக் குதிரைப் போட்டியில் இலங்கைக்காகக் களமிறங்கிய முதலாவது ஆள் அவர்தான். 1984 இல் இலங்கையில் பிறந்து, கைக்குழந்தையாக சுவீடன் நாட்டுக் குடும்பம் ஒன்றுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர். வளர்ந்த பின்னர் பிறந்த நாட்டின் பெயரில் பாய வந்தார்.

மகள் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இவவும் அம்மா இல்லாம வளர்ந்தவ" என்று மட்டும் சொன்னார். அம்மா கையை நீட்டி அவரின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். மகள் தட்டிவிடவில்லை.

காலால் நடந்து பார்த்தல்

நான்கரை மணி பஸ்ஸுக்கு மகள் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடற்கரையோரமாக நடந்தோம். கரைவலை இழுத்து முடிந்து ஆட்கள் மீன் தெரிந்துகொண்டிருந்தார்கள். பேரன் மற்றச் சிறுவர்களோடு மணலில் பனைமட்டைக்கு மேலால் பாய்ந்துகொண்டிருந்தான். "நாலு!" என்று ஒரு சிறுமி கத்தினாள். கசற்றைப் பார்த்த பிள்ளைகளின் பிள்ளைகள். அவர்கள் ஒருவரும் குதிரையைக் கண்டதில்லை.

அந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த ஒரு விடயத்தை அவருக்குச் சொன்னேன். போட்டி தொடங்குமுன் ஓட்டுநர்கள் குதிரையை விட்டுவிட்டுக் களத்துக்குள் காலால் நடந்து போவார்கள். ஒவ்வொரு தடைக்கும் இடையில் எத்தனை எட்டு என்று எண்ணுவார்கள். எங்கே திரும்புவது, எங்கே வேகத்தைக் குறைப்பது என்று பார்ப்பார்கள். குதிரைக்கு அந்தத் தடைகளை முன்கூட்டிக் காட்டுவதில்லை. நடந்து பார்த்தவர் சரியாக வழிநடத்துவார் என்ற நம்பிக்கையில்தான் அது பாயும்.

"அம்மா போகேக்க ஒருத்தரும் நடந்து பார்க்கயில்ல" என்றார் அவர்.

உண்மைதான். 1997 இல் அந்த அம்மா ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் கையொப்பம் வைத்தவர். இன்று கேட்பதற்கு வழிகள் உண்டு. முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அது காலாவதியாகவில்லையா என்று பணியகத்திலேயே விசாரிக்கலாம். ஒப்பந்தத்தை எமக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லலாம். அதன் பிரதி ஒன்றை வீட்டில் வைக்கலாம். பணியகத்தில் பதியாமல் புறப்படக் கூடாது. கடவுச்சீட்டின் பிரதியையும் வேலை வீட்டின் விலாசத்தையும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுக்க வேண்டும். பிள்ளையை யார் பார்ப்பது, பணம் யார் பெயரில் வருவது என்பதை வாயால் பேசிவிட்டுப் போகாமல் எழுதி வைக்க வேண்டும். போகாமல் இருக்க வழி உண்டா, கடனைத் தவணை மாற்றிக் கட்ட முடியுமா என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இவையெல்லாம் காலால் நடந்து எண்ணும் எட்டுகள்.

"நடந்து பார்த்த பிறகு பாய வேணாம் எண்டு தோன்றினா?"

"பாயாமல் நிற்கலாம். குதிரையே நிற்குது. அம்மா சொன்ன கணக்குப்படி அதுக்கு மூன்று புள்ளிதான்."

அவர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். விதி இப்போது கடுமையாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இன்று முதல் மறுப்புக்கே நான்கு, இரண்டாவது மறுப்போடு வெளியேற வேண்டும். அதை இன்னொரு நாள் சொல்லலாம்.

இரண்டு கிழமைக்குப் பின்னர் அவர் திருகோணமலைக்கு வந்தார். கொப்பித் தாளில் பதினான்கு கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். முதல் ஒன்பதும் அவரின் எழுத்து. மீதி ஐந்தும் வேறு ஒருவரின் தளர்ந்த எழுத்து. "அம்மா எழுதினவ. அவவுக்குத்தானே தெரியும் அங்க என்ன கேட்க வேணுமெண்டு" என்றார். கடவுச்சீட்டை இன்னும் முகவரிடம் கொடுக்கவில்லை. போவாரா, நிற்பாரா என்பது அவர் எடுக்கும் முடிவு.

சகோதரிகளே, எமது படிவங்களில் இழப்புகளுக்குப் பல பக்கங்கள் இருக்கின்றன. அவை வேண்டும்தான். ஆனால் உங்கள் தாயிடமோ மாமியிடமோ, அந்தக் கஷ்ட காலத்தில் எதைப் பார்த்து மனம் ஆறினீர்கள் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். முகாமில் பற்றரியில் பார்த்த படமாக இருக்கலாம், வானொலியில் கேட்ட நாடகமாக இருக்கலாம், 1996 இல் லாகூரில் இலங்கை வென்ற உலகக் கிண்ணக் கிரிக்கெட்டாக இருக்கலாம். கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

குச்சவெளிக்குப் போனால் வலப்பக்கத்து ஜன்னலோரம் இருங்கள். ஊர் நெருங்கும் இடத்தில், பின்நேரமானால், மணலில் சிறுவர்கள் பனைமட்டை வைத்துப் பாய்வதைக் காணலாம்.